பச்சை உடம்புக்காரியை யாரும் கேட்பதில்லை

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "எத்தனை கிலோ?", "யாரு ஜாடை?", "பால் போதுதா?"... எல்லாமே குழந்தையைப் பற்றித்தான். தாயைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, "நார்மலா, சிசேரியனா?" அதுவும் தையலோடு நின்றுவிடும்.

வேலூர்ப் பக்கம் ஒரு வீடு. அவளுக்கு 24 வயது, தலைப்பிரசவம், தாய் வீட்டில் இருக்கிறாள். முதல் வாரம் காரணமில்லாமல் அழுதாள். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அது தப்பும் இல்லை. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். இவளுக்குப் போகவில்லை. ஐந்தாவது வாரத்தில், குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கவில்லை. குழந்தையைப் பார்த்தால் மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. பெத்தவளுக்கு இப்படி இருக்குமா என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார்.

இதற்குப் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பிரசவம் முடிந்ததும் ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதுதான் காரணம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். சரி, ஹார்மோன் எல்லாத் தாய்க்கும்தானே இறங்குகிறது? சிலருக்கு மட்டும் ஏன்?

இதே வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2002-ல் வெளியானது. நிறைமாதக் கர்ப்பிணிகள் 359 பேரைப் பதிவு செய்து, பிரசவத்துக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்த்தார்கள். சுமார் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு, கர்ப்ப காலத்தில் பெரிய கஷ்டம் ஏதாவது வந்தவர்களுக்கு, கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கு, மாமியாரோடு சரியில்லாதவர்களுக்கு. அப்புறம், பையன் வேண்டும் என்றிருந்து பெண் பிறந்தவர்களுக்கு.

இதில் இன்னொன்றும் இருந்தது: பெற்றோரோடு மனஸ்தாபம். மாமியார் விஷயம் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது (சீரியல்காரர்கள் சந்தோஷப்படலாம்!). ஆனால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பெண் பத்திரம் என்றுதானே நாம் நினைக்கிறோம்? சீர் போதவில்லை என்று அங்கே ஒரு பேச்சு, பிரசவச் செலவு யாருடையது என்று இங்கே ஒரு பேச்சு. இரண்டும் நடுவில் படுத்திருப்பவள் காதில்தான் விழும்.

பெண் குழந்தை விஷயமும் அப்படித்தான். "மகாலட்சுமி பொறந்திருக்கா" என்பார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் பல வீடுகளில் அது ஆறுதல் குரலில் வருகிறது. பையன் பிறந்தால் யாரும் ஆறுதல் சொல்வதில்லையே. அவளுக்கு அந்தக் குரல் புரியாதா என்ன? இவளுக்குப் பிறந்ததும் பெண்தான்.

அதே 2002-ல் வெளியான கோவா ஆய்வில், பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரத்தில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் கர்ப்பத்திலேயே மனம் சரியில்லாமல் இருந்தவர்கள். அதாவது, வளைகாப்பு அன்றே கேட்டிருக்கலாம்.

கேட்பதற்கு எடின்பரோவில் 1987-லேயே பத்துக் கேள்விகள் உருவாக்கிவிட்டார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா என்கிற மாதிரி சாதாரணக் கேள்விகள்தான். தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு ஆமாம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பேச்சு சிகிச்சை இருக்கிறது, பால் கொடுக்கும் தாய்க்கும் டாக்டர் பார்த்துத் தரக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அவளைக் கேட்டது 45 நாள் ஊசி போட்ட நர்ஸ். குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு, "நீ தூங்குறியாம்மா?" என்றார். அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டாள். அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டார், "அந்த ஊசிக்காரம்மா அப்படி என்னடி கேட்டாங்க?"

"தூங்குறியான்னு கேட்டாங்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி குழந்தையைத் தூக்கித் தன் பாயில் போட்டுக்கொண்டார்.