தட்டிப் பார்த்தால் தெரியும்!

சந்தையில் மண்பானை வாங்குபவர்கள் விரலால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். 'கணீர்' என்றால் நல்ல பானை. 'பொத்' என்றால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத குறையை அதிர்வு காட்டிக் கொடுத்துவிடும். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் அஸ்திவாரத்தையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் விண்டபியில் அமைந்தது. 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட். 2017இல் அதைக் கழற்றிவிட்டார்கள். பிறகு வந்த பண்ணைகள் பலவற்றில் 'மோனோபைல்' என்னும் ராட்சத எஃகுக் குழாய்தான் அஸ்திவாரம். அதைக் கடலடி மண்ணில் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். நீரோட்டம் குழாயைச் சுற்றியுள்ள மணலை அரித்துப் பள்ளமாக்கும். பிடிமானம் குறையும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது!

ஆனால் அதிர்வில் தெரியும். பெல்ஜியத்தின் சீபுரூக் கரையிலிருந்து 46 கி.மீ. தொலைவில், 2010இல் வந்த பெல்விண்ட் பண்ணையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஒரு காற்றாலையின் கோபுரத்தில் பிரஸ்ஸல்ஸின் வி.யூ.பி. பல்கலைக்கழகக் குழு முடுக்கமானிகளைப் பொருத்தி அளந்தது. அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 0.36 ஹெர்ட்ஸ். அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 2.8 விநாடி. தட்டிப் பார்க்கத் தனியாக ஆள் வேண்டாம், அந்த வேலையைக் காற்றும் அலையுமே செய்துவிடுகின்றன.

இந்த எண் ஏன் முக்கியம்? இறகுகள் நிமிடத்துக்கு 16 முறை சுற்றினால் அது 0.27 ஹெர்ட்ஸ். மூன்று இறகுகளும் வரிசையாகக் கோபுரத்தைக் கடக்கும் வேகம் 0.8 ஹெர்ட்ஸ். கோபுரத்தின் அதிர்வெண் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். மணல் அரித்தால் அது கீழே இறங்கும். 0.27ஐ நெருங்கினால் ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான்.

ஆனால் எண் குறைந்தாலே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. கடல் ஏறினாலும் அதிர்வெண் சற்று இறங்கும். காற்றின் வேகம், இறகுகளின் கோணம் மாறினாலும் மாறும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அஸ்திவாரத்தின் செய்தி. வெல்டிங்கில் ஒரு சின்ன விரிசல் விழுந்தால் இந்த எண் அசையக்கூடச் செய்யாது. அதனால் எஃகு எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் தனியாக அளக்கிறார்கள்.

இத்தனை பாடு எதற்கு? இவற்றை வடிவமைக்கும்போது பொதுவாக 20 முதல் 25 ஆண்டு ஆயுள் என்றுதான் கணக்கிடுவார்கள். 80 காற்றாலைகளோடு 2002இல் வந்த டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் 1 பண்ணைக்கு 20 வயது தாண்டிவிட்டது. கழற்றுவதா, இன்னும் சில ஆண்டு ஓட்டுவதா? பல இடங்களில் அளந்து பார்த்தபோது, மண்ணின் பிடி வடிவமைப்பில் கணக்கிட்டதைவிட உறுதியாகவே இருந்திருக்கிறது. அளக்காமல் விட்டிருந்தால் நல்ல பானையையும் வயதாகிவிட்டது என்று உடைத்திருப்பார்கள். அல்லது ஓட்டைப் பானையை நம்பி அடுப்பில் வைத்திருப்பார்கள்!