ககாரத்துக்கும் ஙகாரத்துக்கும் நடுவில்

கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்பில்தான் இந்தி தொடங்கும். எனக்கு அது 1986 ஜூன் மாதம் தொடங்கியது. இடவப்பாதி மழை திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தின் ஓடுகளில் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். நனைந்த சாக்கின் வாடையும் வற்றல்மிளகாய் நெடியும் கலந்து தெரு முழுக்க நிற்கும். அப்பா அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினார். பாட்டா காலத்தில் நாகர்கோவிலிலிருந்து வந்து வேர்பிடித்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் நாஞ்சில்நாட்டுத் தமிழ், தெருவில் மலையாளம், கடையில் இரண்டும் பின்னிக்கிடக்கும் ஒரு பேச்சு. இவையெல்லாம் எப்போது என் நாக்கில் ஏறின என்று எனக்குத் தெரியாது. ஆங்கிலம் எழுத்தாக வந்தது. ஒலியாக, ஒவ்வொன்றாக, வாயைத் திறந்து காட்டி எனக்குக் கற்பிக்கப்பட்ட மொழி இந்திதான்.

பள்ளி போக, மாலையில் வலியசாலைப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டுத் திண்ணையில் தனியாகவும் வகுப்பு உண்டு. டீச்சர் வழுதக்காட்டு ஹிந்தி பிரசார சபையில் படித்துப் பூஷண் பரீட்சை தேறியவர். காந்தியின் முயற்சியால் 1918-இல் சென்னையில் இந்திப் பிரசாரம் தொடங்கியபோது முதல் ஆசிரியராக வந்தவர் அவர் மகன் தேவதாஸ் காந்தி. அந்த அலை திருவிதாங்கூர் வரை வந்து, 1934-இல் கே. வாசுதேவன் பிள்ளை திருவனந்தபுரத்தில் ஒரு சபையைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கேரள ஹிந்தி பிரசார சபை ஆயிற்று. ராட்டையும் கதரும் போல அந்தக் காலத்தில் இந்தியும் ஒரு விரதம். டீச்சரின் அப்பா அந்த விரதக்காரர்களில் ஒருவர். அதனால்தானோ என்னவோ, உச்சரிப்பில் டீச்சர் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். “ஒன்னுகூடி பறயூ மோனே” என்பார். குரல் உயராது. சரியாக வரும்வரை அடுத்த எழுத்துக்குப் போகவும் மாட்டார்.

முதல் நாள் கரும்பலகையில் அவர் இந்தி எழுத்து எதையும் எழுதவில்லை. தமிழில் ‘க’ என்று எழுதினார். பிறகு நீளமாக இடம்விட்டு, கடைசியில் ‘ங’ என்று எழுதினார். அதன் கீழே ச, ஞ. அதன் கீழே ட, ண, த, ந, ப, ம. ஐந்து வரிசை. இரு ஓரங்களிலும் எங்களுக்குத் தெரிந்த எழுத்துகள், நடுவே வெற்றிடம். “இந்த நடுவில் மூன்று மூன்று எழுத்து உண்டு. அவ்வளவுதான் இந்தி” என்றார் தமிழில். அவருக்குச் சாலைத் தமிழ் நன்றாக வரும். க முதல் ம வரை தமிழ் நெடுங்கணக்கில் வரும் அதே வரிசைதான் இந்தியிலும். உள்வாயில், அடிநாவில் தொடங்கி, அண்ணம் வழியாகப் பல்லுக்கு வந்து, உதட்டில் முடிகிறது. எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிறப்பியல் என்ற ஓர் இயல் முழுக்கச் சொல்கிறது. அதை நான் கல்லூரியில்தான் படித்தேன். ஆனால் படித்தபோது அது எனக்குப் புதிதாக இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, நாக்கு எங்கே தொடுகிறது என்று கண்ணை மூடிக் கவனித்த அனுபவம் முன்னாலேயே இருந்தது.

நான்கு ககரங்கள் உண்டு என்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாத செய்தியல்ல. பக்கத்து அக்ரகாரத்து மாமியிடம் ஒரு சுலோகப் புத்தகம் இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சமஸ்கிருதம். சில எழுத்துகளின் தோளில் பொடியாக 2, 3, 4 என்று எண்கள் ஏறியிருக்கும். ஆச்சி அதை இரவல் வாங்கி, எண்களைக் கண்டுகொள்ளாமல், தேவாரம் வாசிப்பதுபோல நேராக வாசித்துக்கொண்டு போவாள். அந்தப் பொடி எண்கள் எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். “அதெல்லாம் மாமி சொல்லுகது. சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான் மக்களே” என்றாள். டீச்சரின் பலகையில் வெற்றிடங்கள் நிரம்பியபோது, அந்த எண்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்று விளங்கியது. மாமியின் புத்தகத்தை வாங்கி, 2 என்றால் காற்று, 3 என்றால் அதிர்வு, 4 என்றால் இரண்டும் என்று விரலை வைத்து வைத்து வாசித்தேன்.

காற்றைக் கற்பிக்க டீச்சர் வைத்திருந்த கருவி ஒரு துண்டு காகிதம். வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு முதல் க சொன்னால் காகிதம் அசையக் கூடாது. இரண்டாம் க சொன்னால் துள்ள வேண்டும். அதிர்வுக்கு விரல்கள். குரல்வளையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மூன்றாம் க சொல்ல வேண்டும்; உள்ளே வண்டு இருப்பதுபோல அது உறுமும். முதலில் இரண்டாம் எழுத்துகள் வந்தன. ‘க’வோடு ‘ஹ’வைச் சேர்த்து, மெல்ல மெல்ல அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். கைதட்டலுக்கு ஒரு ‘தாலி’, சாப்பாட்டுத் தட்டுக்குக் காற்று சேர்ந்த இன்னொரு ‘தாலி’ என்று காகிதம் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

சிக்கியது மூன்றாம் எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் தமிழ் நாக்குக்கு வல்லினம் வல்லினமாகத்தான் வரும். பாட்டு என்று பொருள்படும் ‘கானா’வை நான் சொன்னால், ஒற்றைக்கண்ணன் என்று பொருள்படும் ‘கானா’தான் வரும். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்தியை விட்டுத் தமிழுக்கு வந்தார். “அங்கு” என்று சொல்லச் சொன்னார். பிறகு “அஞ்சு”, “வண்டி”, “பந்து”, “அம்பு”. ஐந்து வரிசைக்கும் ஐந்து சொற்கள். ஒவ்வொன்றையும் குரல்வளையில் விரல் வைத்துச் சொன்னேன். ஐந்திலும் விரல் அதிர்ந்தது. மெல்லினத்தைத் தொட்டுக்கொண்டு வரும் வல்லினம், தமிழில் எப்போதும் அதிர்ந்துதான் ஒலிக்கிறது. எழுதும்போது அதே கு, சு, டி, து, பு. சொல்லும்போது வேறு. “மோனே, இது உன்னுடைய வாயில்தான் இருந்தது” என்றார். அப்புறம் “அங்கு” என்பதில் முன்பாதியை மனசுக்குள் மட்டும் சொல்லிவிட்டு, பின்பாதியை மட்டும் வெளியே சொல்லச் சொன்னார். மூன்றாம் க வந்துவிட்டது. அதே வழியில் மற்ற நான்கும் அன்றைக்கே வந்தன.

அந்த மாலை எனக்கு இன்றும் பெரிய நாள்தான். இந்தி ஒலி ஒன்றைக் கற்றேன் என்பதைவிட, என் தமிழை முதல்முறையாகக் காதால் கேட்டேன் என்பதுதான் காரணம். பகல் என்பதில் வரும் க வேறு, பக்கம் என்பதில் வரும் க வேறு, பங்கு என்பதில் வரும் கு வேறு. எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே நாலு வயதுத் தமிழ்க் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுவதால், தமிழுக்குத் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. தமிழில் எழுத்துக் குறைவு என்று பள்ளியில் சொல்லிக் கேட்டிருந்த நான், அதன் பிறகு அப்படி நினைத்ததில்லை.

என்னோடு படித்த மலையாளப் பிள்ளைகளுக்கு நான்கு எழுத்தும் ஏற்கெனவே உண்டு. மலையாள நெடுங்கணக்கிலும் ஐந்து வரிசையும் முழுசாக இருக்கின்றன. ஆனாலும் அவர்களுக்கும் காகிதம் துள்ள மறுத்தது. ஆற்றுகால் பகவதியை நான்காம் ப போட்டு எழுதுவார்கள். பேச்சின் வேகத்தில் அது மூன்றாம் ப ஆகிவிடும். எழுத்து இருந்து ஒலி நழுவியவர்களும், ஒலி இருந்து எழுத்து இல்லாதவர்களுமாக ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். குதிரைக்கான இந்திச் சொல்லில் நாங்கள் எல்லோரும் கூடினோம். அதன் தொடக்கத்தில் நான்காம் க. அது கடினம். அதன் முடிவில், கீழே ஒரு புள்ளி வைத்து எழுதும் விசேஷமான ட. நாக்கு மேலண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கும். வெளிநாட்டார் பலரும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டும் எழுத்து. காடு, வீடு என்று நாள்தோறும் சொல்லும் எங்களுக்கு அது கற்பிக்க வேண்டியதாகவே இருக்கவில்லை.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியது. ஞாயிறு காலையில், தொலைக்காட்சி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். எல்லோரும் வில்லையும் அம்பையும் பார்க்க, நான் லட்சுமணன் அண்ணனைக் கூப்பிடும் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பேன். “பையா” என்பதன் முதல் எழுத்து நான்காம் ப. அடிவயிற்றிலிருந்து மூச்சு எழுந்து, குரலோடு சேர்ந்து, உதட்டில் வெடித்து அன்பாக இறங்கும். டீச்சர் வாயில் இலக்கணமாக இருந்த ஒலி, அங்கே ஒரு தம்பியின் குரலாக இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான்காம் வரிசை முழுவதும் எனக்கு வசமாயிற்று.

பள்ளி விடுமுறைக்கு நாகர்கோவில் போவோம். எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. 1956 நவம்பர் 1 வரை அதுவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை என்பதால், என் வயதே ஆன அத்தை மகனுக்கு இந்திப் பாடம் கிடையாது. மாமா 1965-இல் கல்லூரி மாணவராக இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர். அவர் முன்னால் இதையெல்லாம் பேசலாமா என்று அம்மை தயங்குவாள். மாமாவே கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். ஐந்து வரிசையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “யாரும் நம்ம மேல திணிக்கக் கூடாது. நாமளா படிச்சா, சொல்லுகத திருத்தமாச் சொல்லணும் மக்கா” என்றார். அந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுக்கொன்று முரணில்லை என்று அன்றும் எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

விருப்பத்தோடு வந்த இந்தி இந்த ஊருக்குப் பழையது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள், எந்தச் சட்டமும் பாடத்திட்டமும் இல்லாத காலத்தில், கோட்டைக்குள் உட்கார்ந்து இந்தியில் பாட்டுகள் இயற்றினார். காசி விசுவநாதரைப் பாடும் அவருடைய இந்திப் பாட்டை இன்றும் கச்சேரிகளில் சிந்துபைரவியில் பாடுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த வடிவேலு அவர் சபையில் இருந்தார். தமிழும் தெலுங்கும் மலையாளமும் சமஸ்கிருதமும் இந்தியும் பக்கத்துப் பக்கத்துத் திண்ணைகளில் இருந்த ஊர் இது.

இப்போது பாதை திரும்பியிருக்கிறது. பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் சாலையில் மூட்டை இறக்குகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள். அவர்களுக்கு மலையாளம் கற்பிக்க, கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பாடப்புத்தகத்தின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’. நான்கு ககரங்களை மூச்சுவிடுவதுபோலச் சொல்லும் அவர்கள், ஒரு ழகரத்தின் முன்னால் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுடைய நாக்குக்குத் தெரிந்த எந்த ஒலிக்கு அருகில் ழகரம் இருக்கிறது என்று தேடிக்கொடுப்பது கற்பிக்கிறவர்களின் வேலை. புள்ளி வைத்த அந்த டகரத்துக்கு நாக்கு வளையும் அதே வளைவில் தொடங்கலாம். அண்ணத்தைத் தட்டாமல் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். வேற்று மொழியின் ஒலியை இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைக்க யாராலும் முடியாது. கற்கிறவரின் தாய்மொழியை மதித்து, அதற்குள் தேடுகிற ஆசிரியர் கிடைத்தால், எந்தக் குழந்தையின் வாயும் எந்த மொழிக்கும் போதுமானது.