விறாந்தைச் சுவிச்

வயரிங் செய்ய வந்த தம்பி முதலில் செய்த வேலை சிரித்ததுதான். "அண்ணை, இது வீடோ மியூசியமோ?" விறாந்தைச் சுவரின் மேல்விளிம்போடு ஓடும் மரச்சட்டத்தை டெஸ்டரால் தட்டிப் பார்த்தான். தேக்கு. வீடு கட்டியபோது அப்பு அடிப்பித்தது. அதன் மேல் வயர் இல்லை. வயரைக் கவ்வியிருந்த தகரக் கிளிப்புகள் மட்டும் அரை முழத்துக்கு ஒன்றாய் வாய் பிளந்து நிற்கின்றன.

எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்து, உடுவில் வீட்டிலேயே இருப்பதென்று முடிவானதும் ஓடு மாற்றுவதா, பெயின்ற் அடிப்பதா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் தடுத்தா. "முதல்ல கறன்ற். கொத்திறதெல்லாம் கொத்தி முடியட்டும், பிறகு பெயின்ற்." அவ சொன்னது எவ்வளவு சரி என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. சுண்ணாம்புக்கல் சுவர், அதற்கு மேலே சுண்ணாம்புச் சாந்து. குழாய் பதிக்க ஓரங்குலக் காடி வெட்டினால் ஒரு பாய் அளவுக்குச் சாந்து பொருமிக்கொண்டு விழுகிறது. மூன்றாம் நாள் தம்பி கிறைண்டரை நிறுத்திவிட்டு, "சுவர் வேண்டாம் அண்ணை, முகட்டால கொண்டுபோவம்" என்றான்.

மண்கம்பி அடிக்கிறபோதும் ஊர் தன் குணத்தைக் காட்டியது. எங்கள் பக்கத்துச் செம்மண் பார்க்கத்தான் செழிப்பு. கொஞ்சம் கீழே போனால் கல். நாலடிக் கம்பி இரண்டடியில் 'ணங்' என்று நின்றது. வேறிடம் பார்த்தார்கள், அங்கும் 'ணங்'. கடைசியில் கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் இறங்கியது. ஈரம் காயாத இடம்தான் மண்கம்பிக்கு நல்லதாம். அம்மா கால்கழுவி ஊற்றி வளர்த்த வாழையின் பரம்பரை அது. பழைய வயரிங்கில் மண்கம்பியே இருக்கவில்லை. இரண்டு வயர், இரண்டு துளை, மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இப்போது 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே வீட்டை இருட்டாக்கிவிடும் ட்ரிப் சுவிச் வருகிறது. லைற்றுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்று அவன் மந்திரம்போல எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வட்டமுள் பிளக்குகளுக்கும் விடை. இனி எங்கும் 13 அம்பியர் சதுரமுள்தான்.

சாமியறைக்கு வந்ததும் மறுபடி சிரிப்பு. "இதென்ன, ஏசிக்கு விட்ட ஓட்டையோ?"

சாமியறைக்கும் அம்மாவின் அறைக்கும் இடைச்சுவரில், கை எட்டாத உயரத்தில் ஒரு சதுர ஓட்டை. அதற்குள் ஒரு 40 வோற்ஸ் குமிழ் தொங்கும். ஒரு குமிழ், இரண்டு அறை. அப்புவின் சிக்கனம். வெளிச்சத்தைச் சுவர் பங்குபோட்டுக் கொடுக்கும். சண்டையைத்தான் பங்குபோட முடியாது. சின்னம்மா சாமியறையில் இருந்து கதைப்புத்தகம் வாசிப்பா. அம்மா அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, "நூரடி அதை, கண் கூசுது" என்பா. சின்னம்மா 'இன்னும் நாலு பக்கம்' என்பா. அந்த நாலு பக்கம் எந்த இரவிலும் முடிந்ததில்லை.

வீட்டு மின்சாரத்துக்கு அதிகாரி அப்பா. பியூஸ் போனால், பீங்கான் கட்டையைப் பிடுங்கி, அயன்பெட்டி வயரிலிருந்து ஒரு செப்பிழையை உருவிச் சுற்றிச் செருகுவார். ஓரிழைக்குப் பதில் மூன்றிழை சுற்றினால் பியூஸ் போகவே போகாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதைக் கேட்டால் இந்தத் தம்பி மயங்கி விழுந்திருப்பான். வீடு எரியாமல் இருந்தது எங்கள் புண்ணியம். கறன்ற் நின்றால் அம்மா, "லக்சபானாவில மழையில்லைப்போல" என்பா. எங்கோ மலைநாட்டில் பெய்யும் மழைக்கும் எங்கள் குசினிக் குமிழுக்கும் இப்படி ஒரு உறவு இருந்ததே எனக்கு அந்த வயதில் பெரிய அதிசயம்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. கறன்ற் நின்றது. மழை வந்தது, கறன்ற் வரவில்லை.

முதல் கிழமை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்பா மட்டும், மற்ற எல்லாச் சுவிச்சையும் அடைத்துவிட்டு, விறாந்தைச் சுவிச்சை மாத்திரம் கீழே தட்டி விட்டார். "வந்தால் தெரிய வேணுமெல்லோ." அது மண்ணிறச் சுவிச், குமிழ்போல உருண்ட மூக்கு, கீழே தட்டினால் ஓன். நாங்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும்போது சுவரைத் தட்டிக்கொண்டிருந்தோம். அது மறக்க மூன்று மாதம் எடுத்தது. விறாந்தைச் சுவிச்சில் கைவைக்க யாருக்கும் அனுமதியில்லை.

பிறகு ஜாம் போத்தல் காலம். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையக் கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் கோத்த திரி. போத்தலே சிமினி. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அந்தச் சிறு சுடரே ஆடம்பரம். அதன் முன்னால் இருந்துதான் நான் ஏ.எல். படித்தேன், விடிய மூக்கைச் சீறினால் கரி. இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ கதைக்கும். நான் களைத்தால் இலண்டன் குரலும் களைக்கும். "சுத்தடா, சுத்தடா" என்று அப்பா தோளில் தட்டுவார். உலகத்துச் செய்தியெல்லாம் என் வலது கையால் ஓடியது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகிறார்களில்லை.

இதற்கிடையில் விறாந்தையில் அந்தக் குமிழ் தொங்கிக்கொண்டே இருந்தது. குளவி அதன் கழுத்தில் கூடு கட்டியது. மாதத்துக்கு ஒருமுறை அப்பா கதிரையில் ஏறிக் குமிழைத் துடைப்பார். குளவிக்கூட்டை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும். எரியாத குமிழை என்னத்துக்குத் துடைக்கிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். பதிலில்லை. அது ஒரு பதினெட்டு வயதுக்காரனின் கேள்வி, இன்று கேட்கமாட்டேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. மழை. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை, நான் அதற்குள் போகவில்லை. ஒன்றுமட்டும். சைக்கிளில் மூட்டை கட்டியாகிவிட்டது, அம்மா சாமிப்படத்தோடு படலையில் நிற்கிறா, அப்பா திரும்பி உள்ளே போனார். கதவுகளைப் பூட்டத்தான். விறாந்தையில் ஒரு கணம் நின்றார். சுவிச்சை மேலே தட்டப்போகிறார் என்று நினைத்தேன். தட்டவில்லை.

அடுத்த ஆண்டு வெயிலுக்குள் திரும்பி வந்தபோது குமிழுமில்லை, ஹோல்டருமில்லை, மெயின் சுவிச்சுமில்லை. சட்டங்களிலிருந்த வயர் அத்தனையையும் யாரோ பொறுமையாக உருவியிருந்தார்கள். செப்புக்கு விலை இருந்தது. மண்ணிறச் சுவிச்சுகள் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். ஊரில் கறன்ற் துண்டு துண்டாகத் திரும்பிய நாட்களில் அப்பா யாரையோ பிடித்து, சுவரோடு வெள்ளை வயர் ஓட்டி நாலு குமிழ் போட்டுக்கொண்டார். 'கறன்ற் வந்துவிட்டது' என்று கடிதத்தில் ஒரு வரி. அடுத்த வரி வைக்கோல் விலை. அப்போதும் அது டீசல் இயந்திரத்துக் கறன்ற்தான். 2013 இல்தான் கிளிநொச்சி வழியாக உயரழுத்தக் கம்பி சுன்னாகத்துக்கு வந்து, குடாநாடு நாட்டின் மின்வலையோடு மறுபடி சேர்ந்தது. அப்பா அதற்கு முன்னரே போய்விட்டார். பிறகு வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள்.

நேற்று விறாந்தை. வாடகைக்காரர் விட்டுப்போன கலண்டரைத் தம்பி கழற்றினான். பின்னால் மரவட்டம், அதன் மேல் சுவிச், எல்லாம் சேர்த்து மூன்று தரம் அடித்த பெயின்ற்றில் மூழ்கி, சுவரின் கட்டிபோல.

"அண்ணை, இது ஓன்லயெல்லோ நிக்குது" என்று சிரித்துக்கொண்டு விரலை வைத்தான்.

"தட்டாத தம்பி. அப்பிடியே கழற்று."

என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிளேட்டால் பெயின்ற்றைச் சுற்றி வெட்டி, ஆணியை நெம்பி, மரவட்டத்தோடு எடுத்துக் கையில் தந்தான். நினைத்ததைவிடப் பாரம். பின்பக்கத்தில் ஓரங்குலச் செப்புக்கம்பி முறிந்து நின்றது. அதன் கறுத்த றப்பர் விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது.

"இந்த இடத்தில எத்தினை சுவிச் வேணும்?" என்றான்.