காலி பிக்-அப்பின் பின்சக்கரம்

அடையாறு சிக்னலில் பச்சை விழுந்ததும் காலி பிக்-அப் ஒன்றை ஓங்கி மிதித்துக் கிளப்பினால் பின்சக்கரம் தடதடவென்று குதிக்கும். எஞ்சினுக்குப் பலம் இல்லாததால் அல்ல, அந்தப் பலம் தரையில் இறங்காததால்தான்.

பின்னாலுள்ள லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்காகக் கட்டப்பட்டவை. பாரம் இல்லாதபோது விறைத்து நிற்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழல, ஆக்சில் எதிர்ப்புறமாக முறுக்கும். பட்டை நெளியும், சட்டென நிமிரும், மறுபடி நெளியும். டயரின் பிடி அங்கேயே போய்விடும்.

கிளம்பும்போது இந்தப் பிடி முக்கியம் என்பதால், 402 மீட்டர் டிராக் ரேஸில் முதல் 60 அடிக்கான நேரத்தைத் தனியாகவே அளப்பார்கள். 1,800 கிலோ வண்டி, 3 மீட்டர் சக்கர இடைவெளி, எடை மையம் 0.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு முடுக்கத்தோடு பாயும்போது சுமார் 210 கிலோ பின்சக்கரங்களுக்கு மாறும். அந்த எடை தரும் பிடி வீணாகாமல் ஆக்சில் முறுக்குவதைத் தடுக்கவே ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே டிராக்‌ஷன் பார் மாட்டுகிறார்கள்; ஷாக் அப்சார்பரையும் டயர் காற்றையும் அதற்கேற்பத் திருத்துகிறார்கள். உண்மையில் அழகான வேலை இது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கப் பொதுச்சாலை வேண்டாம். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் வளர்த்த ஊர் சென்னை. இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடமே இருக்கிறது. தம்பிகளே, ஓட்டிப்பார்க்கும் ஆசை இருந்தால் அங்கே போங்கள். பெசன்ட் நகர் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் (இசிஆர்) நடந்துபோகிறவர்களுக்கும் சொந்தம்.