கோடைக்கு அஞ்சாத பூ

மலைநாட்டு மலரொன்றைத் தம் வீட்டு முற்றத்தில் காண விரும்பாத தோட்டப் பிரியர் அரியர். 1848-இல் தொடங்கப்பெற்ற உதகை அரசு தாவரவியல் பூங்காவிற்கு மே மாத மலர்க்காட்சியின்போது சென்று திரும்புவோர், ஸ்நாப்டிராகன் பூவைப் பற்றிப் பேசாதிருப்பது அரிது. இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். குழந்தைகளுக்கு அது பூ மட்டுமன்று, பொம்மையும் ஆகும். மூடிய அந்த வாயைத் திறந்து தேனருந்தும் ஆற்றல், கனத்த வண்டினத் தேனீக்களுக்கே உண்டு. சிற்றுயிர்கள் வாசலிலேயே திரும்பிவிடும்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் பாறை இடுக்கிலும் பழஞ்சுவரிலும் வேரூன்றி ஆண்டுக்கணக்கில் வாழும் இச்செடி, நம் சமவெளியில் ஒரு பருவத்தோடு முடிந்துவிடுகிறது. குளிர்ச்சியே அதற்கு உயிர். உதகையோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. எங்கள் எளாவூரோ, கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையே, பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, கடல் மட்டத்தை ஒட்டிய நிலம். மணற்பாங்கான மண், சற்றே உவர்க்கும் கிணற்று நீர், சித்திரை வந்தால் தரை சுடும். இங்கே அந்தப் பூவிற்கு என்ன வேலை என்று அயலார் கேட்டது நியாயமே.

நான் அதை வளர்க்கத் துணிந்ததற்குக் காரணம் என் தாயார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த அவர்களுக்கு, உலகமென்பது ஒரு சன்னலின் அகலமாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சன்னலுக்கு வெளியே ஏதேனும் பூத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஸ்நாப்டிராகன் விதை பொடியைப் போன்றது. அதனைப் புதைத்தல் ஆகாது. முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். சலித்த மணலும் மக்கிய சாணமும் இலைமட்கும் கலந்த தட்டில், செப்டம்பர் இறுதியில் மேலாகத் தூவி, தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். ஆகவே தட்டை நீரில் நிறுத்தி, ஈரம் அடியிலிருந்து ஏறும்படி செய்தல் நலம். வடகிழக்குப் பருவமழை தணிந்ததும் நாற்றுகளை முக்கால் அடி இடைவெளியில் நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். மாலையில் இலை நனைய நீர் விட்டால், இலையின் அடிப்புறத்தில் துருப்போன்ற நோய் தோன்றக்கூடும்.

சனவரியில் மஞ்சளும் சிவப்புமாகக் கதிர்கள் நிமிர்ந்தன. தாயார் தலையணையில் சாய்ந்து அவற்றை எண்ணுவார்கள். மார்ச் மாதம் ஒரு நாள், "வெயில் வந்தால் இதுவும் போய்விடுமோ, தம்பி?" என்று கேட்டார்கள். 'இதுவும்' என்ற சொல்லில் அவர்கள் எதையெல்லாம் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கிற்று. "இதற்கு ஓர் உறவு இருக்கிறதம்மா, அது போகாது" என்றேன்.

அவ்வாறு நான் கூறியது ஏஞ்சலோனியாவை எண்ணி. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்த இச்செடியும் ஸ்நாப்டிராகனும், இன்றைய தாவரவியல் வகைப்பாட்டின்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் இதனைக் 'கோடை ஸ்நாப்டிராகன்' என்றே அழைப்பர். பூ சிறியது; வாய் மூடியிராது; மலைநாட்டுப் பகட்டும் இல்லை. ஆயினும் ஊதா, வெண்மை, இளஞ்சிவப்பு நிறங்களில், சுடுவெயிலில் ஓயாமல் பூக்கும். பனி உறையாத நம் நிலத்தில் பல்லாண்டும் வாழும்.

இதற்கு வேண்டுவன சிலவே: நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில், நீர் தேங்காத மண், அளவான எரு. நிழலில் வைத்தால் ஒல்லியாக நீண்டு சாயும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டால் மறுபடியும் தளிர்க்கும். அடைமழைக் காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்திற்கு மாற்றிவிடுக. வேர் அழுகலுக்கே இது அஞ்சும், வெயிலுக்கு அன்று. பூவில்லாத நான்கு அங்குலக் கிளையை வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தால், சில வாரங்களில் வேர்விடும்.

தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதில்லை. அந்நாள்களில் சன்னலோரம் ஸ்நாப்டிராகன் ஒவ்வொன்றாகக் காய்ந்தது. உயிர்ப்புப் பெருவிழாவிற்குள் ஏஞ்சலோனியா பூத்துவிட்டது. அவ்வாண்டு எங்கள் வீட்டிலிருந்து ஆலயத்திற்குச் சென்ற பூ அதுவே. முதற்கொத்தைத் தாயார் தம் கையாலேயே கட்டித் தந்தார்கள்.

மே மாதம் முழுவதும் அது பூத்தது. ஆகஸ்டில் தாயார் இறைவனில் துயில்கொண்டபோதும் பூத்திருந்தது. செடி இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அதிலிருந்து வெட்டிய கிளைகள் எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் வளர்கின்றன. மலைப்பூவையும் நான் விட்டுவிடவில்லை. செப்டம்பர்தோறும் விதைக்கிறேன், அது தன் காலத்திற்கு மகிழ்வூட்டிவிட்டுப் போகிறது. ஆனால் உங்கள் இல்லத்தில் படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய சன்னலோரத்தில், போகாத செடியையே முதலில் நடுங்கள்.