பின்பக்கம் தாழ்ந்த வண்டி

தூத்துக்குடிப் பதிவுள்ள பழைய காரை வாங்க வரும் வெளியூர்க்காரர் பானெட்டைத் திறப்பதற்கு முன் தரையில் குனிந்துவிடுவாராம். "டி.என். 69னு பிளேட்டப் பாத்தாலே கோயம்புத்தூர் புரோக்கரு செல்போன் லைட்டப் போட்டுக்கிட்டு அடியில நுழைஞ்சிருவான். அவனச் சொல்லிக் குத்தமில்ல" என்றார் அண்ணாச்சி. கடலும் உப்பளமும் இந்த ஊர்க் காற்றில் கலந்து வைத்திருப்பதை மேல் பெயின்ட் ஓரளவு மறைத்துவிடும். அடிப்பக்கம் மறைக்காது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த அடிப்பக்கத்தில் வேலை பார்ப்பவர் அவர்.

துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வேப்ப மரத்தை ஒட்டி இருக்கிறது பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு வண்டி நிற்கும், மூன்றாவது வந்தால் மரத்தடிதான். லிஃப்ட் கிடையாது. ஜாக்கி, இரும்பு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கப் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள். வேலைக்கு மூன்று பேர்: அண்ணாச்சி, வயரிங் பார்க்கும் அவருடைய மச்சினன், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்த ஒரு பையன். பையனுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தாலும் இங்கே "லே"தான்.

நான் போயிருந்த நேரத்தில் மரத்தடியில் ஒரு டாடா இண்டிகோ மெரினா நின்றது. 2004இல் வந்த வண்டி. இண்டிகோ செடானின் பின்பக்கத்தை நீட்டிக் கூரையை டிக்கி வரை இழுத்துவிட்டால் மெரினா. இந்த மாதிரி நீள வண்டிகள் நம் ஊரில் பெரிதாக ஓடவில்லை. மாருதி பலேனோ ஆல்டுரா, ஃபியட் சியனா வீக்கெண்ட், ஓப்பல் கோர்சா ஸ்விங் என்று வந்து பார்த்த எல்லாமே கொஞ்ச காலத்தில் மறைந்தன. காசு கொடுத்துக் கார் வாங்குகிறவருக்கு டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு தெரிய வேண்டியிருந்தது. எனக்கென்னவோ நம் குடும்பங்கள் ஏற்றுகிற சாமானுக்கு இதைவிடத் தோதான உருவம் இல்லை என்றே படுகிறது. மெரினா ஓடாவிட்டாலும் அதன் உடன்பிறப்பான இண்டிகோ தமிழ்நாடு முழுக்க டாக்ஸியாக ஓடியது. அதனால் அடிப்பக்கம் எந்த மெக்கானிக்குக்கும் புதிதில்லை.

வண்டிக்காரர் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு அம்மா. பட்டறையில் எல்லாருக்கும் அவர் அக்கா. பின் சீட்டை மடக்கிவிட்டுக் கருவாட்டு மூட்டைகளை அடுக்கிச் சந்தைக்குச் சந்தை போய்வருகிறார். ஓட்டுவது மகன். இடதுபின்பக்கம் மூன்று விரல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"ஷாக்கு போயிருச்சு அண்ணாச்சி, மாத்திக் குடுங்க" என்றார் அக்கா.

"ஷாக்கு வண்டியத் தூக்காது அக்கா. தூக்குதது ஸ்பிரிங்கு. ஆடுததை நிப்பாட்டுததுதான் ஷாக்கு."

பின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திவிட்டார். வண்டி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, இன்னொரு தரம் ஏறிய பிறகுதான் நின்றது. ஷாக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்றிய பையன் ஸ்குரு டிரைவரை ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டுக்குள் விட்டு நெம்பினான். கடைசிச் சுற்று தனியாக அசைந்தது. உடைந்த முனை திரும்பிக்கொண்டு டயரின் உள்பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரப்பரில் பளபளவென்று ஒரு கோடு. இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருந்தால் எட்டையபுரம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டயர் கிழிந்திருக்கும். அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தார். அதோடு விலை பேச்சு பாதியாகக் குறைந்தது.

உடைந்த துண்டு என் கைக்கு வந்தது. வெட்டுமுகத்தில் இரண்டு நிறம். ஓரத்தில் பிறைபோல் ஒரு பகுதி பழுப்பேறிக் கறுத்திருந்தது, மீதி சாம்பல் நிறத்தில் புதிதாக மின்னியது. கறுத்தது பழைய விரிசல். வெகு நாளாகத் திறந்திருந்து, உப்புத்தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே நகர்ந்திருக்கிறது. மின்னும் பகுதி கடைசியாக ஏதோ ஒரு வேகத்தடையில் பட்டென்று விட்டது. எல்லாரும் அந்த வேகத்தடையைத்தான் திட்டுவார்கள். திட்டத் தகுந்ததுதான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக, 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். தெருவில் நாம் காண்பது ஒரு முழ அகலத்தில் கொட்டிய கான்கிரீட் மேடு. ஆனாலும் இந்தத் துண்டைப் பார்த்தால் வேகத்தடை செய்தது கடைசி வேலையை மட்டும்தான்.

சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி உண்மையில் வளைவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. நீளமான ஒரு கம்பியைத் திருகினால் எதிர்க்குமே, அந்த எதிர்ப்பைத்தான் சுற்றிச் சுருட்டிச் சின்ன இடத்தில் வைத்திருக்கிறார்கள். முறுக்கின் சுமை நடுக்கம்பியில் குறைவு, மேல்தோலில்தான் அதிகம். அதனால்தான் ஸ்பிரிங் செய்யும் ஆலைகள் தோலுக்கு அத்தனை பாடுபடுகின்றன. சிலிக்கான், குரோமியம் கலந்த எஃகைச் சூடாக்கிச் சுருட்டி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் கொடுத்தபின், பொடி இரும்புக் குண்டுகளை மழைபோல் அதன்மேல் அடிப்பார்கள். ஒவ்வொரு குண்டும் தோலைக் கொஞ்சம் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட தோலில் விரிசல் வாய் திறக்காது. அதற்கு மேல் பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு. ஒரு ஜல்லிக்கல் தெறித்து அந்தப் பூச்சு பெயர்ந்தால் போதும். கீழ்த்தட்டு ஒரு கிண்ணம் மாதிரி இருப்பதால் மண்ணும் தண்ணீரும் தங்குவது அங்கேதான். கருவாட்டு மூட்டையிலிருந்து கசிந்த உப்புநீரும் தரைத் தகட்டின் ஓட்டை வழியாக அங்கே இறங்கியிருக்கிறது.

துரு அரிப்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். 12 மி.மீ. கம்பி சுற்றிலும் அரித்து 11 ஆகிவிட்டால் விறைப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதே ஒரு மில்லிமீட்டர் கம்பித்தோலின் மேல் விழும் சுமையை ஏறக்குறைய 30 சதவீதம் கூட்டவும் செய்யும். அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு தெரியாது, வெர்னியரில் அளக்கத் தெரியும். பழைய ஸ்பிரிங்குகளை அளந்து அளந்து எது எத்தனை நாள் தாங்கும் என்று அவர் சொல்வது கணக்கோடு ஒத்துப்போகிறது.

"வெல்டு வச்சா நிக்காதா?" என்று மகன் கேட்டான். இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர் உண்டாம்.

"நிக்கும். இந்த வேப்பமரத்தடில நிக்கும்" என்றார் அண்ணாச்சி. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பதம் செத்துவிடும். பக்கத்திலேயே மறுபடி உடையும். பழைய இரும்புக் கடையிலிருந்து கதவு, கண்ணாடி, டைனமோ வரை வாங்கிப் பொருத்தும் அவர் ஸ்பிரிங்கை மட்டும் பழசு வாங்கமாட்டார். "கண்ணாடியப் பாத்தா கீறல் தெரியும். இதுக்குள்ள என்ன ஓடிட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்?" ஒரு பக்கம்தானே உடைந்தது, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தார்: "ஒரு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலுக்குத் தேஞ்ச செருப்புன்னு போட்டு நடந்து பாருங்க." ஸ்பிரிங்கும், ஷாக்கை உள்ளே வைத்திருக்கும் ஸ்ட்ரட்டும் இரண்டு பக்கமும் புதிதாக மதுரையிலிருந்து வந்தன. வந்ததும் சுற்றை எண்ணி, கம்பியை அளந்து, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தார். பெட்டியில் அச்சடித்திருப்பதை அவர் படிக்கவே இல்லை.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும் இந்த அமைப்பு ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியரின் யோசனை. 1947இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1950இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஜெஃபிர் கார்களின் முன்பக்கத்தில் அது வந்தது. பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனவர்களில் லோட்டஸ் காரின் காலின் சாப்மன் முக்கியமானவர். பந்தயக் காருக்கு எடை குறைய வேண்டும் என்று அவர் செய்தது, சுற்றி வந்து தூத்துக்குடியில் கருவாட்டு மூட்டையைச் சுமக்கிறது. இடம் மிச்சம், உறுப்பு குறைவு. கழற்றுகிறவனுக்கு மட்டும் ஒரு தொல்லை: தூணை வெளியே எடுத்த பிறகும் ஸ்பிரிங் அதற்குள் அழுந்தியே இருக்கும்.

வெளியே எடுப்பதே அரை நாள் வேலை. முதல் நாள் சாயங்காலமே போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவிட்டிருந்தார்கள். டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றினால் தூணின் தலை தெரியும். அந்த நட்டுகள் உள்ளே இருந்ததால் சிரமமில்லாமல் வந்தன. கீழே ஹப்போடு சேரும் இடத்தில் ஒரு போல்ட் மட்டும் வரவே இல்லை. பைப்பை மாட்டி நீட்டிய ஸ்பேனரில் பையன் ஏறி நின்றான். கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்றான். பிரேக் ஹோஸ் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று அண்ணாச்சி கிரைண்டரை எடுத்து அறுத்துவிட்டார். தூண் கழன்றதும் ஹப் கீழே தொங்கப் பார்த்தது. அதன் பாரம் பிரேக் ஹோஸில் விழாமல் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டினார்கள்.

பட்டறையின் மூலையில், சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. உள்ளூர் லேத்துக்காரர் ஒருவரோடு சேர்ந்து அண்ணாச்சி செய்தது. மேலே கவ்வும் கொக்கிகள், கீழே லாரி ஜாக்கி. கடையில் விற்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டு நீளத் திருகும் நாலு கொக்கியுமாக இருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சமமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் ஸ்பிரிங் வாழைக்காயாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். நழுவினால் என்ன ஆகும் என்பதற்குக் கூரையில் அத்தாட்சி இருக்கிறது. தார் ஷீட் ஒட்டிய ஒரு வட்டம். முன்பு வேலை பார்த்த ஒருவர், ஸ்பிரிங் முழுதாக அமுங்குவதற்குள் ஷாக் தண்டின் நடு நட்டைக் கழற்றிவிட்டார். மேல் மவுண்ட் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் காம்பவுண்டில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அதன் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது.

ஜாக்கியை அடிக்க ஆரம்பித்ததும் பட்டறையின் சத்தம் மாறியது. ரேடியோவை மச்சினன் நிறுத்தினார். அதுவரை வசவும் சிரிப்புமாக இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. "நேருக்கு நேரா நிக்காத லே. சார், நீங்களும் இந்தப் பக்கம் வாங்க." கொக்கிகள் சுற்றில் உட்கார்ந்த இடத்தைப் பையன் விரலால் தடவப் போனான். அண்ணாச்சி அவன் கையைத் தட்டிவிட்டு ஸ்குரு டிரைவரால் தொட்டுக் காட்டினார். சில நூறு கிலோ விசை அந்தச் சுருளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்தட்டு தளர்ந்து, கையால் சுழற்றினால் சுற்றியது. அப்போதுதான் நடு நட்டில் ஸ்பேனர் வைத்தார். தண்டு கூடவே சுற்றாமலிருக்க அதன் தலையில் ஆலன் கீ. ஏர் கன் வைத்து ஒரே நொடியில் கழற்றலாமே என்றேன். "கழத்தலாம். எவ்வளவு வந்திருக்குன்னு கைக்குத் தெரியாது" என்றார்.

இதையெல்லாம் மெச்சி எழுதிவிட்டுப் போவது சுலபம். பையன் காலில் ரப்பர் செருப்பு. கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி கிடையாது. ஆணியில் ஒரு கண்ணாடி தொங்கத்தான் செய்தது, தூசி படிந்து. கேட்டபோது அண்ணாச்சி மழுப்பவில்லை. "போடச் சொன்னா வேர்க்குதும்பான். ஸ்பிரிங்கக் கண்டா பயப்படுதான், ஏன்னா கூரையில ஓட்டையப் பாக்கான். கண்ணுக்குள்ள பொடி விழுந்தவன இன்னும் பாக்கல." பயம் ஒரு இடத்தில் இருந்தும் இன்னொரு இடத்தில் இல்லாமலுமாகப் பங்கு பிரிந்திருப்பது இந்தப் பட்டறையில் மட்டுமில்லை.

பொருத்துவது வேகமாக நடந்தது. புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, தண்டைச் சில தடவை முழுதாக ஏற்றி இறக்கி உள்ளிருக்கும் எண்ணெயைச் சீராக்கினார்கள். புது பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மேல் மவுண்ட். ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டிலிருக்கும் படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று அண்ணாச்சி இரண்டு பக்கமும் தானே பார்த்தார். முட்டாவிட்டால் முதல் பள்ளத்தில் திரும்பிக்கொண்டு "டொக்" என்று கத்துமாம். ரப்பர் புஷ் வருகிற போல்ட்டுகளை அப்போது முழுக்க இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, டிக்கியில் பையனை உட்காரவைத்து ஆட்டிவிட்டு, சக்கரத்தின் மேல் பாரம் நிற்கும்போது இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அவசரத்தில் மற்றவர்கள் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான் என்றார்.

பில் எழுதும்போது அக்காவின் கை இடுப்புக்குப் போனது. சாமான் விலைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, பில் இருக்கிறது. கூலியில்தான் பிடித்தார். சாமானில் கால்பங்குகூட வராத கூலி அது. மூன்று பேர், இரண்டு நாள்.

"இந்த வண்டிக்கு இன்னும் இவ்வளவு செலவழிக்கணுமா அண்ணாச்சி? ஆர்சி வேற புதுப்பிக்கணும்."

பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதற்குப் பிறகு பழைய வண்டிக்கு வரும் ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் இந்தக் கேள்வி வந்து நிற்கிறதாம். அண்ணாச்சி வண்டியை விற்றுவிடச் சொல்லவில்லை, வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. கூலியில் 200 ரூபாய் குறைத்தார். மூட்டைக்குக் கீழே தார்ப்பாய் விரிக்கச் சொன்னார். வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவச் சொன்னார். அப்படியே அலைன்மென்ட் கடைக்குப் போய்ப் பின்சக்கரத்தின் கோணத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று மகனிடம் அழுத்திச் சொன்னார்.

வண்டி நேராக நின்றது. மகன் ஏறி உட்கார்ந்து சாலைக்குத் திருப்பினான்.

"போவானா?" என்றேன்.

"மாட்டான்" என்றார் அண்ணாச்சி. "டயரு ஒரு பக்கமாத் தேஞ்ச பொறவு வருவான். லே, அந்தச் சட்டத்துல கொக்கிக்கு கிரீஸ் வை. அடுத்து ஆம்னி நிக்கிது."