தொடக்கத்துக்கு ஒரு கொப்பி போதும்

கெலிஓயாவில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய மிளகு, கராம்பு வியாபாரத்துக்கு நேற்றோடு ஒரு வருடம்.

முதல் மூன்று மாதம் எல்லாரும் எல்லா வேலையும் பார்த்தோம். ஒரே ஓடர் இரண்டு தடவை போனது; இன்னொன்று போகவே இல்லை. அதைக் கேட்டுக் கோல் எடுத்த அக்காவின் குரல் இன்னும் மறக்கவில்லை.

பிறகு ஒரு கொப்பி போட்டோம். நிறுத்தது யார், பொதி செய்தது யார், கூரியரில் கொடுத்தது யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. பிழை குறைந்தது, எங்களுக்குள் மனக்கசப்பும் குறைந்தது.

முதலில் முறை, பிறகுதான் கருவி என்பது இங்கே புதிதல்ல. கெலிஓயா இருக்கும் இதே கண்டி மாவட்டத்தில், லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது தொழிற்சாலை இல்லை. பங்களா விறாந்தையில் இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் காயவைத்தார்கள். முறை பிடிபட்ட பிறகுதான், 1872இல், தொழிற்சாலை வந்தது. அந்தத் தொழிலை மலை மலையாக வளர்த்தது எங்கள் முன்னோரின் கைகள்.

புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பி, தங்கைகளே, மென்பொருளைப் பிறகு வாங்கலாம். எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள்.